பதினோரு மணி பஸ்ஸில் பூஜ்ஜியம் பேர்

இரவு பத்து மணிக்கு மேல் நாற்பத்தோராம் தொகுதியில் ஒரு ஆள்கூட வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று அரசாங்கம் கண்டுபிடித்துச் சொன்ன அன்று, அக்கா இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து, அதே நாற்பத்தோராம் தொகுதியில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தது புள்ளியியல் அலுவலகம். அவளுடைய தம்பிக்கு அங்கேதான் வேலை. சமூக ஆய்வாளர் என்று பதவிப் பெயர். அந்தக் கட்டடத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கணக்குப் படித்தவர்கள். சமூகவியல் படித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனைச் 'சமூகம்' என்று கூப்பிட்டார்கள். "சமூகம் வந்தாச்சா?", "சமூகத்துக்கு ஒரு டீ சொல்லு", "சமூகம் கழிவறைக்குப் போயிருக்கு, உக்காருங்க." மூன்று வருடமாக இதே நகைச்சுவை. முதல் வாரத்தில் சிரித்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டான்.

பதினான்காம் அட்டவணை அவன் மேசைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அச்சாகி, தைத்து, மூன்று துறைகளுக்குப் போயிருந்தது. 'இரவு 10 முதல் காலை 5 வரை பயணம் செய்வோர்' என்ற பத்தியில், நாற்பத்தோராம் தொகுதிக்கு நேரே, தடித்த எழுத்தில் ஒரு பூஜ்ஜியம். அதைப் பார்த்த போக்குவரத்துத் துறை அந்தப் பகுதிக்கு ஓடும் பதினோரு மணி பஸ்ஸை நாற்பது நாளில் நிறுத்திவிடுவதாக நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

அந்தத் தொகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், ரொட்டித் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு, செய்தித்தாள் அச்சகம் ஆகிய நான்கு இடங்களின் ஆட்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. நான்குமே இரவில் நடப்பவை. நோயாளியின் படுக்கை விரிப்பை இரவோடு இரவாகத் துவைத்தால்தான் காலைக்குக் கிடைக்கும். ரொட்டியும் செய்தித்தாளும் விடிவதற்கு முன் வாசலுக்கு வந்தாக வேண்டும். ஆகவே இரவு பதினோரு மணிக்கு அந்தப் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். மூன்று நாள் தாமதமாக வந்தால் நான்காம் நாள் வர வேண்டாம் என்பது அதன் மேற்பார்வையாளர் வைத்திருந்த சட்டம். அக்காவுக்குக் கீல்வாதம் பிடித்த முழங்கால்; பள்ளிக்குப் போகும் ஒரு மகள்; மாதம் ஒருமுறை வந்து போகும் லாரி ஓட்டுநர் கணவன். தம்பியை எம்.ஏ. வரை படிக்க வைத்ததும் அந்தச் சலவைக்கூடம்தான். அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவனை அதிகம் படுத்தியது.

அட்டவணையை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனான். அவர் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். பதவி உயர்வுக்குப் பிறகு அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை, சீவுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

"சார், பதினாலாம் அட்டவணையில ஒரு தப்பு இருக்கு."

"தப்புன்னு சொல்லாதீங்க, சமூகம். வேறுபாடுன்னு சொல்லுங்க."

"வேறுபாடு இருக்கு சார். பூஜ்ஜியம்னு போட்டிருக்கு. என் அக்கா தினமும் அந்த பஸ்லதான் வேலைக்குப் போறா."

"உங்க அக்கா." அவர் பென்சிலின் முனையை ஊதினார். "அது உறவு. தரவு இல்ல."

"அந்த வீட்டையும் நாம கணக்கெடுத்திருக்கோம் சார்."

"அப்படியா? என்ன எழுதியிருக்கு?"

"பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்கு."

"அப்புறம் என்ன? பூட்டின வீட்டுல இருந்து ஒருத்தர் எப்படி வேலைக்குப் போக முடியும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவன் யோசித்துப் பார்க்கவில்லை. நேராக ஆவண அறைக்குப் போய்ப் படிவங்களை எடுத்துப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் இருநூற்றுப் பதினொன்றில் முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண்: ஏழு. ஏழு என்றால் 'கதவு திறக்கப்படவில்லை'. ஒரே ஒரு படிவம் மட்டும் முழுக்க நிரம்பி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதப்பட்டு, கூடுதல் தாள் இணைக்கப்பட்டிருந்தது. மூலை வீட்டுப் பெரியவர். எடைக்கல் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று, மனைவி இல்லை, தனியாள், இரவு எட்டரைக்குப் படுத்துவிடுவார், பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதவு திறக்காத வீட்டை வெறுமையாக விடக் கூடாது. பக்கத்தில் யார் பதில் சொன்னார்களோ அவர்கள் பதிலையே அந்த வீட்டுக்கும் எழுதிவிட வேண்டும். இதற்கு 'ஈடுசெய்தல்' என்று பெயர். நூறு வீட்டில் நாலு வீடு பூட்டியிருந்தால் இது ஒரு நல்ல வழிதான். அவனே தேர்வில் இதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தேறியவன். இங்கே இருநூற்றுப் பதினொரு வீடுகளுக்கும் பெரியவரை ஈடுசெய்திருந்தார்கள்.

ஆக, நாற்பத்தோராம் தொகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வசித்தார்கள். எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் எழுபத்தொரு வயது. எல்லாரும் மனைவியைப் பறிகொடுத்தவர்கள், அதுவும் ஒரே ஆண்டில். எல்லாரும் எடைக்கல் சோதித்து ஓய்வு பெற்றவர்கள். எல்லாருக்கும் வலது காதில் கேட்பது குறைவு. பெண்களோ குழந்தைகளோ கிடையாது. துணை இயக்குநர் ஒருவர் இதை வைத்து 'ஒரு நகர்ப்புறத் தொகுதியில் முதுமையின் செறிவு' என்று கட்டுரை எழுதி, வெளியூர்க் கருத்தரங்கில் வாசித்து, கைத்தட்டல் வாங்கி வந்திருந்தார்.

போன மாதம் தொகுதி முழுவதும் நடைபாதையை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கைப்பிடி போட்டிருந்தார்கள். "யாருக்குடா இந்தக் கம்பி?" என்று அக்கா கேட்டிருந்தாள். அப்போது அவனுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. கணக்கில் இல்லாத குழந்தைகள் அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

படிவங்களை நிரப்பிய கணக்கெடுப்பாளர் அம்மாவைக் கீழ்த்தளத்தில் பிடித்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், அவங்க எல்லாம் உள்ளதான் தூங்கிட்டிருப்பாங்க."

"தெரியாதா தம்பி எனக்கு? ஜன்னல் வழியா குறட்டைச் சத்தம் தெருவுக்கே கேக்குது."

"அப்புறம் ஏன் ஏழுன்னு போட்டீங்க?"

"மூணு தடவ தட்டணும். திறக்கலேன்னா ஏழு. குறட்டைக்கு ஒரு எண் குடுங்க, எழுதறேன். எனக்கென்ன வந்துச்சு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவ போயிருக்கலாமே?"

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பத்துல இருந்து அஞ்சு வரைக்கும்தான் எனக்கு அடையாள அட்டை செல்லும். அஞ்சு அஞ்சுக்குத் தட்டினா நானும் தெருவுல போற ஒருத்திதான். நாயை அவுத்து விட்டா யார் கேக்கறது? நீங்களா வந்து கடி வாங்கிக்கப் போறீங்க?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. அந்தக் கட்டடத்தில் யார் சொன்னதிலும் தனித்தனியாகத் தவறு இருக்காது. சேர்த்துப் பார்த்தால்தான் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும்.

அவன் திருத்தம் கோரி மனுப் போட்டான். திருத்தம் என்று மனு இல்லை என்றார்கள். 'வேறுபாட்டு அறிவிப்பு' என்றுதான் உண்டு. அதை மூன்று பிரதி எழுதினான். காரணம் என்ற இடத்தில், 'மேற்படி தொகுதியில், நூற்று நாற்பதாம் வீட்டில் என் அக்கா வசிக்கிறார். அவர் இரவில் வேலைக்குப் போகிறார்' என்று எழுதினான். ஒன்பதாம் நாள் சீராய்வுக் குழு கூடியது.

நீள மேசை. ஐந்து உறுப்பினர்கள். ஒவ்வொருவர் முன்னும் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். இயக்குநர் நடுவில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, பேசினார்:

"நம்ம அலுவலகத்துக்கு நாப்பது வருஷப் பாரம்பரியம் இருக்கு. இந்த நாப்பது வருஷத்துல வெளியிட்ட ஒரு எண்ணைக்கூட நாம திருத்தினது கிடையாது. ஏன்? நம்பிக்கை. மக்கள் நம்ம எண்களை நம்பறாங்க. நாம திருத்தினோம்னா, அதுவரைக்கும் தப்பா இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். இந்தத் தம்பி சின்னப் பையன், ஆர்வம் இருக்கு. பாராட்டறேன். ஆனா வெளிய போய்க் கண்ணால பார்த்துட்டு வந்து எழுதறது பத்திரிகைக்காரன் வேலை. நாம அறிவியல். நான் இந்த நாற்காலியில பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன். ஒரு நாள்கூட ஜன்னலைத் திறந்தது இல்ல. தரவு கலையக் கூடாதுன்னு."

மூன்று பேர் மேசையைத் தட்டினார்கள். ஐந்தாமவர் ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அவங்க அக்கா எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க?"

"பதினொண்ணே முக்காலுக்குச் சேருவா சார். காலையில ஆறு வரைக்கும் வேலை."

"அப்படின்னா ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் வேலை."

"இல்ல சார், ஆறே கால் மணி நேரம்."

"நம்ம கையேட்டுப்படி நாள்ங்கறது நள்ளிரவுல முடியுது. பதினொண்ணே முக்கால்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் முதல் நாள் வேலை. மீதி அடுத்த நாள் வேலை. அடுத்த நாள் வேலைக்கு அவங்க பஸ்ல போகலையே? ஏற்கெனவே அங்கதானே இருக்காங்க?"

இப்படி ஒரு கோணம் இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. குறிப்பெடுப்பவர் அதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். 'இரவு' என்ற சொல்லுக்குக் கையேட்டில் விளக்கமே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. அதற்கு ஓர் உபகுழு போட்டார்கள். மனு நிலுவையில் வைக்கப்பட்டது. ஆனால் கருணையின் பேரில், அந்த ஒரு வீட்டை மட்டும் மறுபடி கணக்கெடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். அலுவலக நேரத்தில். மனுதாரர் உறவினர் என்பதால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

பதினான்காம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு அவன் அக்கா வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே, எதிரி நாட்டுத் தூதுவன் மாதிரி நின்றான். முதல் நாளே போனில் சொல்லி வைத்திருந்ததால் அக்கா இரண்டாவது தட்டலிலேயே எழுந்து வந்தாள். ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

கணக்கெடுப்பாளர் அம்மா படிவத்தை விரித்தார். "பதினொண்ணாவது கேள்வி. நேத்து வேலை நேரத்துல, அதாவது காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"என்ன பண்ணீங்க?"

"தூங்கினேன்."

"வேலை ஏதாவது பார்த்தீங்களா?"

"ராத்திரி பார்த்தேனேம்மா!"

"வேலை நேரத்துல பார்த்தீங்களான்னு கேக்கறேன்."

"இல்ல."

"வேலை தேடினீங்களா?"

"எனக்குத்தான் வேலை இருக்கே. எதுக்குத் தேடணும்?"

"தேடினீங்களா, இல்லையா?"

"தூங்கறப்ப எப்படிம்மா தேடறது? கனவுலயா?"

அந்த அம்மா 'வேலை இல்லை, தேடவும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, பக்கங்களை மளமளவென்று புரட்டினார். "இனி நாப்பதாவது கேள்வி."

"மேடம்!" என்று அவன் வாசலில் இருந்து கத்தினான். "முப்பத்தொண்ணாவது கேளுங்க! ராத்திரி பயணம்!"

"பதினொண்ணுல 'இல்லை'ன்னு வந்தா நாப்பதுக்குத் தாவணும் தம்பி. இங்க அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க. வேலை இல்லாதவங்களுக்கு முப்பத்தொண்ணு வராது."

"அம்மா, பஸ் பத்திக் கேளும்மா," என்றாள் அக்கா. இரண்டாவது கண்ணும் திறந்துவிட்டது. "அதுக்குத்தானே நான் தூக்கத்துல எழுந்து வந்தேன்?"

"எனக்கும் கேக்க ஆசைதான். நானும் ஒரு பொம்பளைதானே. அம்புக்குறி விட மாட்டேங்குதே." அந்த அம்மாவின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாப்பது. ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீங்க?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டாள்.

விளைவு என்னவாகும் என்று அவனுக்கு அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் உறைத்தது. இரண்டு பதில் இருந்தால் புதிய பதிலே ஈடுசெய்யச் செல்லும் என்பது விதி. ஒரே வாரத்தில் நாற்பத்தோராம் தொகுதியின் எழுபத்தொரு வயது ஆண்கள், மூலை வீட்டுப் பெரியவரைத் தவிர, எல்லாரும் மறைந்து போனார்கள். அவர்கள் இடத்தில் நாற்பத்தாறு வயதுப் பெண்கள் இருநூற்றுப் பதினொரு பேர் வந்து, பட்டப்பகலில் தூங்கினார்கள். வேலை இல்லை, தேடவும் இல்லை.

அலுவலகத்துக்கு இது பெரிய உற்சாகத்தைக் கொடுத்தது. துணை இயக்குநர் தன் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தார். நலத்துறை ஒரு திட்டம் அறிவித்தது. அதன் பெயர் 'விழிப்பு'. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு வேன் தொகுதிக்குள் வந்து, நான்கு மூலைகளிலும் நின்று, ஒலிபெருக்கியில், 'சகோதரிகளே, எழுந்திருங்கள்! உழைப்பு உங்களை அழைக்கிறது!' என்று ஒரு மணி நேரம் கூவும்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"டேய், படிச்சவனே!"

"சொல்லுக்கா."

"நீ எனக்கு நல்லது பண்றதை நிறுத்து. உன் கால்ல விழறேன். பஸ் போனாப் போகுது, முட்டி தேய நடந்துக்கறேன். தூக்கத்தையாவது விட்டு வைடா. நேத்து ராத்திரி கொதிக்கற தொட்டி ஓரத்துல நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு. பக்கத்துல இருந்தவ பிடிச்சு இழுக்கலேன்னா இன்னிக்கு நீ எனக்கு மாலை வாங்கிட்டு வந்திருக்கணும்."

அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"காதுல பஞ்சை வெச்சு அடைச்சுக்கிட்டுத் தூங்கறேன். இனிமே எவன் வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன். நீ வந்தாலும்தான்," என்று வைத்துவிட்டாள்.

பஸ் நிற்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் காலாண்டுக் கணக்கெடுப்பு வரும். அதே அம்மா, அதே பத்து மணி, அதே மூன்று தட்டல். இருநூற்றுப் பதினொரு வீடு ஏழு. மூலை வீட்டுப் பெரியவர் மட்டும் பேசுவார். நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்தபடி அவன் அதைப் பல முறை நினைத்தான். கடைசியில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சமூக ஆய்வாளன் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்யக் கிளம்பினான்.

பெரியவர் வீடு சுத்தமாக இருந்தது. மேசைமேல் பித்தளை எடைக்கற்கள் பெரியதில் இருந்து சிறியது வரை வரிசையாக நின்றன. அவன் இடது காதுப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பூஜ்ஜியம், பஸ், அக்காவின் முழங்கால்.

"அப்ப போன தடவை இந்தத் தொகுதி முழுக்க நான்தான் இருந்தேனா?" என்றார் பெரியவர்.

"ஆமாங்கய்யா. இருநூத்திப் பன்னெண்டு தடவை."

"பெண்டாட்டி அத்தனை தடவை செத்தாளா?"

"ஆமாங்கய்யா."

பெரியவர் ஓர் எடைக்கல்லை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்தார். "ஒரு தடவைக்கே தாங்கல," என்றார்.

"அந்தம்மா வரும்போது ராத்திரி பஸ்ல போறேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. போதும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமாங்கய்யா."

"முப்பத்தாறு வருஷம் ஊர்க்காரன் தராசையெல்லாம் பிடிச்சவன் நான். ஒரு குண்டுமணி குறைஞ்சாலும் கடையைச் சாத்தினவன். சொந்தத் தங்கச்சி புருஷன் கடையையே சாத்தியிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் அவங்க வீட்டுல எனக்குத் தண்ணி கிடையாது. எந்திரி. போயிட்டு வா."

அவன் எழுந்து போனான். தான் கேட்டது அசிங்கம் என்று தெரியும். ஆனாலும் பஸ் நிறுத்தம் வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தான்.

நான்கு நாள் கழித்து, அலுவலகத்தில், வாசல் காவலர் வந்து, "சமூகம், உங்களைப் பார்க்க ஒரு பெரியவர்," என்றார். பெரியவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, சட்டைப் பொத்தான் ஒன்றைக் காணோம்.

"மூணு நாளா போறேன்," என்றார் எடுத்த எடுப்பில்.

"எங்கங்கய்யா?"

"அந்த பஸ்லதான். பொய் சொல்ல மாட்டேன்னுதானே சொன்னேன், போக மாட்டேன்னா சொன்னேன்? ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போறது. திரும்ப பஸ் விடிகாலைதான். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கிறது. சலவைக்காரப் பொம்பளைங்க டீ குடுக்கறாங்க. உன் அக்காதான் காதுப் பஞ்சை எடுக்க மறந்துட்டு, நான் என்ன சொன்னாலும் 'ஆங்? ஆங்?'ங்கறா. எனக்கு வலது காது, அவளுக்கு ரெண்டு காதும். நல்லா பேசிக்கிட்டோம்."

"தலை சுத்துமேய்யா?"

"சுத்திச்சு. முதல் நாள் வாந்தியும் எடுத்தேன். உக்கார எங்க இடம் இருக்கு? நின்னுக்கிட்டேதான். பூஜ்ஜியம்னு சொன்னியே தம்பி, அந்தப் பூஜ்ஜியம் செருப்புக் காலோட என் காலை ஏறி மிதிச்சிடுச்சு." பாதத்தைக் காட்டினார். நகம் கறுத்திருந்தது. "இப்ப அந்தம்மாவை வரச் சொல்லு. எத்தனை கேள்வி வேணாலும் கேக்கட்டும்."

காலாண்டுக் கணக்கெடுப்பு நடந்தது. இருநூற்றுப் பதினொரு வீடு ஏழு. அக்கா வீடும் ஏழு, பஞ்சு புண்ணியத்தில். ஓய்வு பெற்றவருக்கு எல்லாக் கேள்வியும் உண்டு. அவருக்குத்தான் பதில் சொல்ல நேரம் இருக்கும் என்று படிவம் தயாரித்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். முப்பத்தொன்றாவது கேள்விக்குப் பெரியவர், "ஆம், தினமும்," என்றார். எதற்காக என்று கேட்டபோது, "உண்மைக்காக," என்றார். கணக்கெடுப்பாளர் அம்மா பட்டியலை மேலும் கீழும் தேடிவிட்டு, 'மற்றவை' என்று குறித்தார்.

அடுத்த அட்டவணை வெளிவந்தபோது அலுவலகமே பரபரத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு முதியவர்கள், மனைவியை இழந்தவர்கள், காது கேளாதவர்கள், தினமும் இரவு பதினோரு மணிக்கு ஒரே பஸ்ஸில் ஏறிப்போய், விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். "இது தனிமையின் அலை," என்றார். "இதை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. நாங்களும் பார்க்கல. அதுதான் புள்ளிவிவரத்தின் மகிமை."

போக்குவரத்துத் துறை நோட்டீஸைக் கிழித்தது. பஸ் நிற்காது. அதோடு, பதினோரு மணி பஸ் இனி 'முதியோர் சிறப்புப் பேருந்து' என்று அறிவித்தது. முதியோர் அட்டை உள்ளவர்கள் மட்டும் ஏறலாம்.

அந்தச் செய்தியைப் படித்ததும் அவன் செய்தித்தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் குப்பைக் கூடையில் போட்டான்.

ஆனால் அட்டை கொடுக்கும் அலுவலகம் வயதை ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. புள்ளியியல் அலுவலகப் பதிவைப் பார்த்து வீட்டுக்கு ஓர் அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்.

மறுநாள் காலை, வேலை முடிந்து வந்து, தூங்கப் போவதற்கு முன் அக்கா போன் செய்தாள்.

"டேய், எனக்கு எழுபத்தொரு வயசாம்டா. ஆணாம். பெண்டாட்டி செத்துட்டாளாம்."

"பஸ்ல விட்டாங்களாக்கா?"

"கண்டக்டர் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'ஏறுங்க பெரியவரே'ன்னான். ரொட்டிக்காரப் பையனுக்கு இருபத்திரெண்டு வயசு, அவனும் பெரியவர்தான். யாரோ எந்திரிச்சு அவனுக்கு சீட்டு வேற குடுத்தாங்க." அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "வேனும் நேத்துல இருந்து வரல. சகோதரிகளே இல்லையாமே இப்ப. சரி, வை. தூங்கணும்."

பத்து நாள் கழித்து அவனைச் சீராய்வுக் குழு கூப்பிட்டது. உபகுழு அறிக்கை கொடுத்துவிட்டதாம். 'இரவு' என்பதற்கு விளக்கம் தயார், பதினேழு பக்கம். இயக்குநர் எழுந்து நின்று அவனுக்குக் கைகொடுத்தார்.

"உங்க மனு நியாயமானதுன்னு குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. நாப்பது வருஷத்துல முதல் தடவை. நாப்பத்தோராம் தொகுதித் தரவு தப்பு. வேறுபாடு இல்ல, தப்பு. நான் அந்த வார்த்தையையே சொல்றேன், பாருங்க. அங்க இராக்காலக் கணக்கெடுப்பு நடத்தப்போறோம். உங்க அக்காவை, அவங்க வேலையை, அவங்க பஸ்ஸை, எல்லாத்தையும் உள்ளபடியே பதிவு பண்ணப்போறோம்."

மூன்று வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் அவன் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்திருந்தான். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"அனுமதி, படிவம், பயிற்சி எல்லாம் முடிஞ்சு, பதினெட்டு மாசத்துல. அதுவரைக்கும் தப்பான தரவை வெச்சுக் குடுத்த அட்டை, பஸ் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். அது முறைதானே? கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னிக்கே உத்தரவு."

அவன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். மூடி போட்ட டம்ளரைத் திறந்து தண்ணீர் குடித்தான். அந்த மேசையில் அதுவரை யாரும் அப்படிக் குடித்ததில்லை போலும். ஐந்து பேரும் பார்த்தார்கள்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்."

"என்னது?"

"தரவு சரியாத்தான் இருக்கு."

இயக்குநர் முகத்தில் நாற்பது வருடப் பாரம்பரியத்தின் நிம்மதி பரவியது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு படிவத்தை நகர்த்தினார். "சும்மா வாங்கிக்க முடியாது, சமூகம். காரணம் எழுதணும். மூணு பிரதி."

மனுவின் ஆதாரம் ஒரே ஒரு வாக்கியம்தான்: நூற்று நாற்பதாம் வீட்டில் அக்கா இருக்கிறாள். அதை உடைத்தால்தான் மனு உடையும். அவன் பேனாவை எடுத்தான். 'மேற்படி வீட்டில் எனக்கு அக்கா என்று யாரும் இல்லை' என்று எழுதினான். அடித்து அடித்து எழுதியதில் முதல் பிரதி கெட்டுப்போனது. புதிதாக ஒன்று வாங்கி எழுதினான். மூன்றாம் பிரதியில் ஓர் அடித்தல்கூட இல்லை.

பிரிவுத் தலைவர் மூன்றையும் வாங்கி, ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"அப்ப, லீவு போட்டுட்டு அந்தத் தொகுதிக்குப் போனீங்களே, யாரைப் பார்க்க?"

"அந்த வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார் சார். தனியா."

"நல்ல பழக்கம்," என்றார் பிரிவுத் தலைவர். "வயசானவங்களைப் பார்த்துக்கணும்."